கைராசி அக்காவுக்கு உடம்பு சரியில்லை

எங்கள் அண்ணியிடம் வைத்தியத்துக்குப் போனால் முதல் நாள் உங்களைத் தொடவே மாட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டோ, கழுத்தைச் சாய்த்துக்கொண்டோ மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்பீர்கள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் வெந்நீர் கொடுப்பார். "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்பார். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள், பையை எந்தத் தோளில் மாட்டினீர்கள், யாரோடு சண்டை, வாய் வரை வந்த சண்டையை விழுங்கிக்கொண்டது யாரிடம், எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். மீதிப் பேர், இதுக்கா இவ்வளவு படி ஏறி வந்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். மறுநாள் இரண்டு கட்சியும் திரும்பி வரும்.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே அண்ணியின் அறை. நடுவில் செங்குத்தான படிக்கட்டு. முழங்கால் வலிக்காரர்களை மாடி ஏற வைத்து வைத்தியம் பார்க்கிற இடம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் கேலி செய்வேன்.

"ஏறி வர முடிஞ்சவங்களுக்கு நான். முடியாதவங்களுக்குத்தான் நீ இருக்கியே, நர்ஸம்மா" என்பார்.

நான் பெரிய மருத்துவமனையில், அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போகப்போக உங்களுக்கே தெரியும்.

அண்ணி முதலில் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர். கூட வேலை செய்த பெண்ணுக்கு ஒரு நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. மாவு உப்புகிற வரைக்கும் சும்மாதானே நிற்க வேண்டும் என்று அவள் கழுத்தை அமுக்கிவிட்டிருக்கிறார். சரியாகிவிட்டது. அப்புறம் அடுப்பு வேலைக்காரர் வந்தார், ரொட்டி கொண்டுபோகும் வண்டிக்காரர் வந்தார், கடைசியில் முதலாளியின் மனைவியே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். "என் மாவைப் பிசையச் சொன்னா ஊரான் தோளைப் பிசையுறியே" என்று முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் அண்ணி இதை முறையாகப் படிக்கப் போனார். உடம்பு பிடித்துவிடுவது, மூச்சுப் பயிற்சி, சாப்பாடு, தூக்கம் என்று ஒவ்வொன்றாக, ரொட்டிக்கடை வேலையையும் விடாமல் படித்தார். கை வாகு என்பது படிப்பில் வருவதில்லை, அது அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தத் தெருவில் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. கைராசி அக்கா என்றால்தான் தெரியும்.

எங்கள் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இருக்கிற பிரேக்கையும் இல்லாத பிரேக்கையும் நாள் முழுக்க மிதித்து மிதித்துக் காலில் வலி. யாரோ சொன்னார்கள் என்று இந்த மாடிக்கு வந்தான். கால் வலி என்று போனவன் காலிலேயே விழுந்துவிட்டான் என்பது எங்கள் வீட்டுப் பழைய நகைச்சுவை. இன்றைக்கும் அவனுக்கு அந்த வலி முழுதாகப் போகவில்லை. போய்விட்டால் அண்ணி பிடித்துவிட மாட்டாரே என்று பயல் பத்திரமாக வைத்திருக்கிறான் என்பது என் கணிப்பு.

அண்ணி சொல்வதில் பாதியை நான் நம்பியதில்லை. பாதத்தில் இந்த இடத்தை அமுக்கினால் கண்ணுக்கு நல்லது, அந்த இடத்தை அமுக்கினால் தூக்கம் வரும் என்பார். கீழே கண்ணாடிக் கடைக்காரர் காதில் விழுந்தால் வருத்தப்படப் போகிறார் என்பேன் நான். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தன் கைக்கு அடங்காதது எது என்று அவருக்குத் தெரியும். தையல்காரம்மா ஒருவர் தோள் வலிக்காக வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அக்குளுக்குப் பக்கத்தில் அண்ணியின் விரலில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. அந்த நிமிஷமே அறையைப் பூட்டி, காத்திருந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்சி பிடித்துத் தையல்காரம்மாவை என் வார்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "நாளைக்குக் காலையில வந்திருக்கலாமே அண்ணி, இன்னைக்குப் பெரிய டாக்டர் லீவு" என்றேன். "இதுல நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். தையல்காரம்மா பிழைத்து, இப்போதும் எங்கள் குடும்பத்துக்கே சட்டை தைத்து, அளவில் தப்புப் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட அண்ணிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மேல் அலமாரியிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார் அண்ணி. அவர் என்னைவிட ஒரு தலை உயரம். நான்தான் எப்போதும் அவரை எடுத்துத் தரச் சொல்வேன். எனக்கு எங்கேயோ உறுத்தியது.

"வலது கையைத் தூக்குங்க அண்ணி."

"எதுக்கு?"

"தூக்குங்களேன்."

தோள் வரைக்கும்தான் தூக்கினார். அதற்கு மேல் முகம் மாறியது. அவரை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். வார்டில் எத்தனையோ பேரைத் தொட்டுப் பார்த்த கை என்னுடையது. வலது மார்பின் ஓரத்தில் அது கோலிக்குண்டு மாதிரி இருந்தது. அசைத்தால் அசையவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அண்ணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கீழே அண்ணன் ஈரத்துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கேக்குறேன்ல?"

"அஞ்சாறு மாசம் இருக்கும்."

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்டேன். தையல்காரம்மாவுக்கு மட்டும் நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது, உங்களுக்கு மட்டும் ஆறு மாசம் உண்டா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அழுதேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"யார்கிட்ட சொல்வேன்? வர்றவங்ககிட்ட எல்லாம் ஒழுங்கா சாப்பிடுங்க, ஒழுங்கா தூங்குங்க, மனசுல எதையும் அடைச்சு வைக்காதீங்க, ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டு இருக்கேன். எனக்கே வந்துடுச்சுன்னா?"

"வந்தா வந்துட்டுப் போகுது. ஊர் பேச்சா உயிரைவிடப் பெருசு?"

"ஊர் பேச்சு இல்ல, நர்ஸம்மா. நானே அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். அதான் வெட்கமா இருந்துச்சு."

என் தொழிலில் நோயை மறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்தில் மறைப்பார்கள், வீட்டுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மறைப்பார்கள். வெட்கத்தில் மறைத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பரீட்சையில் தோற்ற வாத்தியார் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணி. எனக்கு வந்த கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன்.

மறுநாளே என் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்னாடியே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மார்பையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும், அப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும். அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் அன்று வேலைக்குப் போகிறேன் என்று போனான். நடுவழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதிருக்கிறான். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, அதன் பிறகு அவரே காரை வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து அவனை இறக்கிவிட்டாராம். அவ்வளவு அழுகையிலும் "கியர் மாத்தினது சரியாத்தான் இருந்துச்சு" என்று வந்து சொன்னான்.

அண்ணி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாருக்கும் சொல்லக் கூடாது. வெளியூரில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். அண்ணிக்கு அக்காவே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரியும், இருந்தாலும் ஒட்டினேன். கடைத்தெருவில் யாராவது பிடித்துக்கொண்டு "கைராசி அக்கா எப்போ வருவாங்க?" என்று கேட்டால், இல்லாத அந்த அக்காவுக்கு இல்லாத பேரப்பிள்ளைகள் எல்லாம் பிறந்தார்கள் என் வாயில்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. காயமும் சீக்கிரம் ஆறியது. ஆறாதது வேறொன்று. வார்டில் படுத்தபடி அண்ணி தன்னையே விசாரணை செய்துகொண்டிருந்தார். என்ன தப்பு பண்ணினேன்? ரொட்டிக்கடையில் அடுப்புச் சூட்டில் நின்றதா? மகன் வெளிநாடு போனபோது அழாமல் அடக்கிக்கொண்டதா? சாயங்காலம் சாயங்காலம் குடித்த அந்த இனிப்பு டீயா? ஒவ்வொரு தடவை நான் ஊசியோடு போகும்போதும் புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடித்து வைத்திருப்பார்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தப்புப் பண்ணினவங்களுக்குத்தான் வியாதி வரும்னா எங்க சூப்பர்வைசர் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருக்கணும். கல்லு மாதிரி இருக்காங்க. அடுத்த கட்டில்ல இருக்கிற பொண்ணு ஓட்டப்பந்தய வீராங்கனை. அதுக்கு என்ன சொல்றீங்க? வருது, அவ்வளவுதான். யாருக்கு வேணா வருது."

சிரித்தார்.

"எத்தனை பேரை நான் கேட்டிருக்கேன், என்ன பண்ணீங்க என்ன பண்ணீங்கன்னு. அவங்கல்லாம் வீட்டுக்குப் போய் இப்படித்தான் யோசிச்சிருப்பாங்களோ?"

ஊசியைப் போட்டுவிட்டு, எழுதவேண்டியதை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கையில் நீர் கோத்துக்கொள்ளும். விட்டால் கை தூண் மாதிரி வீங்கிவிடும். அதற்கு இறுக்கமான ஓர் உறை உண்டு, தோள் வரைக்கும் மாட்டிக்கொள்ள வேண்டும். தினமும் விரலிலிருந்து தோளை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். நீவுவது என்றால் அழுத்தவே கூடாது, தோல் மட்டும் நகர வேண்டும். அந்த வலது கைதான் அண்ணியின் பிழைப்பு, அண்ணியின் பெயர், எல்லாம். அந்தக் கையை நீவிவிட அவர் யாரையும் விடவில்லை. தன் கையே தனக்கு உதவி என்று இடது கையால் தானே நீவிக்கொள்வார். தோளுக்குப் பின்பக்கம் எட்டாது. எட்டாத இடம்தான் வீங்கும்.

அண்ணன் பயந்து பயந்து கையை நீட்டினால், "உங்களுக்குக் கால் வலிக்கும், போய் உக்காருங்க" என்பார். கை நீவிவிடுவதற்கும் கால் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் என்னிடம் வந்து கேட்டான். நான் மிரட்டி உட்காரவைத்து நீவினால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "படுத்துக்கங்க அண்ணி" என்றால் மாட்டார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். முடிந்ததும் "உனக்குச் சிரமம்" என்பார். இத்தனை வருஷம் அத்தனை பேரைப் படுக்கவைத்தவருக்குத் தான் படுக்கத் தெரியவில்லை. ஒருவர் கையில் நம் உடம்பைக் கொடுப்பதும் ஒரு பழக்கம்தான் போலிருக்கிறது. கொடுப்பவர்களை மட்டுமே பார்த்திருந்த அண்ணிக்கு அந்தப் பழக்கமே இல்லை.

அடுத்த வருஷம் டாக்டர், கனமான வேலை இல்லாமல் பார்த்துக்கொள்வதானால் அறையைத் திறக்கலாம் என்றார். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. "வெயிலுக்கு வெட்டிக்கிட்டேன்னு சொல்லிடலாம்" என்றார் அண்ணி. உறையை மறைக்க முழுக்கைச் சட்டை, தையல்காரம்மாவுக்கே தெரியாமல் கடையில் வாங்கியது. அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். படி ஏறும்போது இரண்டு தடவை நின்றார். மூச்சு வாங்கியது பாதி, பொய்யை ஒத்திகை பார்த்தது பாதி.

முதலில் வந்தவர் பாட்டு டீச்சர். பல வருஷமாகக் கழுத்து வலிக்கு வருகிறவர், குறை சொல்வதற்கென்றே பிறவி எடுத்தவர். படி செங்குத்து, எண்ணெய் நாற்றம், துண்டு சொரசொரப்பு, பக்கத்துக் கடையில் பாடுகிற ரேடியோவுக்குச் சுருதி சேரவில்லை. ஒரு குறை சொல்லாமல் அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அன்றைக்கும் வந்ததும், "நீங்க போனாலும் போனீங்க, என் கழுத்து என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, துண்டைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, வைத்தியம் பார்க்கிற மேசையில் மல்லாந்து படுத்தார். அண்ணியின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்துக்கு அடியில் கைகளைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே வலது கை சோர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்துவிட்டது.

"இடது கை மட்டும்தான் வேலை செய்யுது. வலது கைக்கு என்ன வந்துச்சு?"

அண்ணி என்னைப் பார்த்தார். என் வாய்க்குள் பொய் தயாராகத்தான் இருந்தது, பழகின பொய். ஆனால் சொல்ல வேண்டியது நான் இல்லை. நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் புத்துநோய் வந்துச்சு" என்றார் அண்ணி. "வலது மார்பை எடுத்துட்டாங்க. கையில நீர் கோத்துக்குது."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ அக்கா வீடு?"

"எனக்கு அக்காவே கிடையாது."

அண்ணி விடவில்லை, அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டுவது போலச் சொன்னார். "உங்க எல்லார்கிட்டயும் ஒழுங்கா இருந்தா ஒண்ணும் வராதுன்னு சொல்லியிருக்கேன். நான் ஒழுங்காத்தான் இருந்தேன். வந்துடுச்சு. நான் சொன்னது தப்பு. இனிமே நீங்க என்னை நம்பி வரணும்னு இல்ல."

டீச்சர் மேசையிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடி மாட்டினார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாசல் வரைக்கும் விட்டுவிட்டு நாலு வார்த்தை கேட்டு அனுப்பலாம் என்று என் நாக்கு அரிக்கத் தொடங்கியது. டீச்சர் திரும்பி, மேசையின் விரிப்பைக் கையால் இழுத்துச் சரிசெய்தார்.

"ஏறிப் படுங்க."

"ஐயோ, நானா? நான் எப்படி..."

"எனக்கு வைத்தியம் ஒண்ணும் தெரியாது. கால் அமுக்கத் தெரியும். நர்ஸம்மா கையைப் பாத்துக்குவாங்க. படுங்கன்னா படுங்க, எனக்கு அடுத்து பாட்டு கிளாஸ் இருக்கு."

அண்ணி படுத்தார். சொந்த மேசையில் யாரோ வேண்டாத விருந்தாளி போல, ஓரமாக, விறைத்துக்கொண்டு படுத்தார். நான் உறையைக் கழற்றி விரலிலிருந்து நீவத் தொடங்கினேன். டீச்சர் செருப்போடு நின்றபடி காலை அமுக்கினார். அமுக்கிய விதம் துணி துவைப்பது போல இருந்தது. அண்ணி திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, அது என்ன?"

நானும் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் மழைநீர் ஒழுகி ஒழுகிப் பழுப்பாக ஒரு பெரிய கறை. சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. மூலையில் ஒட்டடை, அதையே கயிறாகக் கட்டித் துணி காயப்போடலாம், அவ்வளவு.

"ஐயையோ! தினமும் தரையை ரெண்டு தடவை துடைக்கிறேன், மேல பாக்கவே இல்லையே! இத்தனை வருஷமா எல்லாரும் இதைப் பாத்துட்டா படுத்திருந்தாங்க?"

"பின்ன? கண்ணை மூடுங்கன்னு நீங்க சொன்னா யாரு மூடினா?" என்றார் டீச்சர். "அந்தக் கறை எனக்கு வாத்து மாதிரி இருக்கும். தையல்காரம்மா தொப்பின்னு சொல்வாங்க. நாங்க கீழ படியில நின்னு சண்டைகூடப் போட்டிருக்கோம்."

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே! துண்டுக்குக் குறை சொல்வீங்க, எண்ணெய்க்குக் குறை சொல்வீங்க. இதை ஏன் டீச்சர் சொல்லல?"

டீச்சர் காலை அமுக்குவதை நிறுத்தவில்லை.

"சொன்னா நீங்க வெட்கப்படுவீங்க."

அண்ணிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. நான் துண்டின் நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் கையை எடுத்து நீவினேன். மேசையின் ஓரத்தில் இருந்தவர் மெல்ல நடுவுக்கு நகர்ந்து படுத்தார். தோள் இறங்கியது. கையின் கனம் முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்தது.

"நர்ஸம்மா, இன்னும் கொஞ்சம் மேல" என்றார் அண்ணி. "அங்கதான் ரொம்ப வலிக்குது."